நல்லா இருக்கேன் சார்

அப்பா, இன்று காலை செந்துறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் முழங்காலில் தைலம் தேய்த்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அதையெல்லாம் கேட்கிற நிலையில் நான் இல்லை.

எழுபத்தொன்றில் நடந்த வங்காளதேசச் சண்டையில் உங்கள் இடது தொடைக்குள் போன குண்டுச் சில்லு கடைசிவரை வெளியே வரவில்லை. அந்தக் காலோடுதான் பட்டாளத்திலிருந்து உங்களை ஊருக்கு அனுப்பினார்கள். அப்போதே பென்ஷன் கேட்டிருக்கலாம். "கையும் காலும் இருக்குல்ல, அப்புறம் எதுக்குப் போயி கேக்கணும்?" என்றீர்கள். சிமெண்ட் ஆலை வாசலில் வாட்ச்மேனாக நின்றே காலத்தை ஓட்டினீர்கள். நிற்கவே முடியாமல்போய், அம்மா நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் போர்க்காயப் பென்ஷனுக்கு மனு போடச் சம்மதித்தீர்கள்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அரியலூரில் ரயில் ஏறியதிலிருந்தே உங்களுக்குப் பாடம் நடத்தினேன்.

"வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா. தூக்கம் இல்ல, கக்கூஸ்ல உக்கார முடியலன்னு எல்லாத்தையும் சொல்லுங்க."

"சொல்றேன் புள்ள, சும்மா தொணதொணக்காத."

வராந்தா முழுக்க என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தீர்கள். கதவு திறந்தது. உள்ளே யூனிஃபார்மில் ஒரு டாக்டர், உங்கள் பேரன் வயசு இருக்கும். அவ்வளவுதான், தோளிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள். நொண்டாமல் நடந்துபோய், கால்களைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தீர்கள். அவர் தமிழிலேயே கேட்டார்.

"என்ன தொந்தரவு ஐயா?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கேன் சார்!"

நான் குறுக்கே புகுந்தேன். நீங்கள் முறைத்த முறைப்பில் என் வாய் அடைத்துப்போனது. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில்தான். வெளியே வந்ததும் பெஞ்சில் சரிந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். "ஆபீசர் முன்னாடி எப்புடி புள்ள சொல்றது?" என்றீர்கள். மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்தோம். பதில் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று அம்மாவும் நானும் பென்ஷன் ஆபீசுக்குப் போனது அந்தப் பதிலைக் கேட்கத்தான். நீங்கள் கொல்லைக்குத் தவழ்ந்து போனதுவரை ஆபீசில் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டீர்கள். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "அவரே நல்லா இருக்கேன்னு சொல்லிட்டாரேம்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். இதே வார்த்தையை வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீங்களே சொன்னதை நான் எங்கே போய் மாற்றுவது?

பஸ் ஸ்டாண்டில் அம்மா டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த டாக்டரு முன்னாடி உங்கப்பா அழுவல, இல்ல?"

"இல்லம்மா."

அவள் முகத்தில் ஒரு பெருமை வந்தது, அப்பா. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெரசா வா புள்ள. காலையில ஏரி வேலைக்குப் போவணும்" என்று பஸ்ஸை நோக்கி நடந்தாள். எழுபது வயசு அவளுக்கு. அவள் மண் சுமக்கிறவரை உங்கள் மேல் எனக்கு இந்தக் கோபம் இருக்கும்.