தலைமையாசிரியருக்கு இரண்டாம் கரண்டி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி ஒரு நல்ல செய்தி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நம் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நல்ல அரிசி மூட்டைகளை தன் மச்சான் ஓட்டலுக்குத் தள்ளிவிட்டு, வண்டு விழுந்ததைச் சத்துணவுக்குச் சமைக்க என்னிடம் கொடுப்பதைப் போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா. காலையெல்லாம் பொறுக்கியும் நாற்றம் போகவில்லை, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டன. செங்கல் சூளையில் கூலிவேலை செய்பவர் மகள் வாலு, பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சுவிடாமல் சொல்கிறவள், அவளும் கல் சுமக்கப் போய்விட்டாள். மதியச் சோற்றை நம்பித்தானே அவளை அனுப்பினார்கள். பிள்ளைகள் சாப்பிடுமுன் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சட்டம். கையெழுத்து மட்டும் தினமும் விழும், ஒரு வாய் வைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை சத்துணவைச் சோதிக்கப் புது அதிகாரியம்மா வருவது தெரிந்து, பிள்ளைகளுக்குப் பொறுக்கிய அரிசியைப் போட்டுவிட்டு, தலைமையாசிரியருக்கென்று சின்னச் சட்டியில் பொறுக்காததைப் பொங்கினேன். தினமும் சாப்பிட்டுப் பார்க்கிறீர்களா என்று அந்தம்மா கேட்க, ஒருநாள் தவறினதில்லைங்க என்றார் கூசாமல். அப்படியானால் இப்போதும் சாப்பிடுங்கள் என்றார் அந்தம்மா. நான் தட்டை வைத்தேன். துப்பினால் குட்டு உடைந்துவிடுமே, மென்று மென்று விழுங்கினார். போதும்மா என்று முனகினார். நீ எட்டு வயதில் இன்னொரு கரண்டி கேட்டதற்கு, அப்போது வாத்தியாராக இருந்த இவர் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றிச் சொன்னதை, வேலைக்குப் பயந்து அடுப்படியில் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அதையே திருப்பிச் சொன்னேன், சோத்துக்குத்தானே வந்தே, தின்னு என்று. இரண்டாம் கரண்டியும் போட்டேன். அதிகாரியம்மா தட்டைக் குனிந்து பார்த்தார், பிறகு மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார்.

அவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நல்ல அரிசி வந்துவிட்டது, வாலுவும் வந்துவிட்டாள். அவர் மனைவி வீடுவரை வந்து அழுதார், எனக்கு மனசு இறங்கவில்லை. மூன்றாம் கரண்டி போடாமல் விட்டோமே என்றுதான் இருக்கிறது. பழசை மறந்துவிடும்மா என்பாய். நீ மறந்துகொள், நான் மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நீடு வாழவேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. பெஞ்சுமேல் நின்ற அன்றிலிருந்து நீ எந்தப் பந்தியிலும் இரண்டாம் முறை கேட்டதில்லை, என்னிடம்கூட. இனிமேல் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

உன் அம்மா