எட்டாவதோடு நின்ற அண்ணன்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

அம்மாவும் நானும் நலம். வேலை தேடிப் போன ஊரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் பத்தாவதுக்குப் போகவில்லை, நின்றுவிட்டேன். கோபப்படாதே. நீ பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருந்தாய். அதைப் பார்த்த பிறகு எனக்குப் பாடம் எப்படி ஏறும்? தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "உங்க அண்ணனைக் கேளு" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். மாதக் கடைசிக்குள் போகாவிட்டால் பள்ளியில் பேரை எடுத்துவிடுவார்களாம்.

உன் தங்கை

ஜூன் 11

அன்புத் தங்கை வாண்டுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போ.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே. படித்தவன் நிலைக்க மாட்டான் என்று இங்கே எடுப்பதில்லை. அதனால் எட்டாவதோடு நின்றவன் என்று சொல்லிச் சேர்ந்தேன்.

அண்ணன்

ஜூன் 16

அண்ணா,

எனக்குத் தலை சுற்றுகிறது. படிக்கவில்லை என்று பொய் சொல்லி நீ வேலை வாங்கியிருக்கிறாய். இப்போதே நின்றுவிட்டால் எனக்கு அந்தப் பொய்கூட வேண்டாமே. பிறகு எதற்கு என்னைப் போகச் சொல்கிறாய்?

தங்கை

ஜூன் 22

வாண்டு,

நீ கேட்டதைப் படித்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று சூப்பர்வைசர் தோளில் கை போட்டார். "நல்லா வேலை செய்யறடா. பத்தாவது முடிச்சிருந்தா உன்னையே லைனுக்குத் தலைவனா போட்டிருப்பேன். ஏன்டா படிப்பை விட்ட?" என்றார். "வீட்டுக் கஷ்டம் சார்" என்றேன். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாவது முடித்த ஒரு பெண்ணுக்கு அந்த வேலை போனது. என் பட்டம் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு அழுகையாக வந்தது.

எது சரி என்று தெரியவில்லை. பத்தாவதையாவது முடித்துவிடு.

அண்ணன்

ஜூன் 29

அன்புள்ள அண்ணா,

நேற்று பள்ளிக்கூடம் போனேன். பேரை எடுக்கவில்லை. பத்தாவதை முடிக்கிறேன். அதற்குமேல் படித்தால் நல்லதா கெட்டதா என்று அங்கே விசாரித்து வை.

வீட்டில் யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தது. உன்னைப் பட்டதாரி என்று சொல்வதா, எட்டாவது என்று சொல்வதா என்று தெரியவில்லை. "அண்ணன் வேலைக்குப் போறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சரிதானே அண்ணா?

வாண்டு