நோரா அம்மா பாதியில் விட்ட புலம்பல்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
18.4.2001

ஆட்ரியனுக்கு,

பெரிய வெள்ளியன்று கலிபோர்னியா டப்ளினில், நம் தமிழ்க் கூட்டத்தில் உங்கள் பங்குக் கோயில் நோரா அம்மா பாடிக்கொண்டிருந்தபோது நீ மைக்கை அணைத்தாய். "ஐரிஷ் ஆன்ட்டி ஊத்திக்கிட்டு வந்துட்டாங்கபோல" என்றாய். நாற்பது பேர் சிரித்தார்கள். எண்பது வயது அம்மாள் பாட்டைப் பாதியில் விட்டு இறங்கினார். அவரைப் பாட அழைத்தவன் நான்.

அது சிலுவையடியில் மாதா அழும் பாட்டு. அவர்கள் ஐரிஷ் மொழியில் தலைமுறைகளாகப் பாடுவது. ஒருவர் அடி பாட, மற்றவர்கள் 'ஓஹோன்' என்று இழுத்து அழ வேண்டும். நான் ஒருவன்தான் இழுத்தேன். நம் ஊர்ப் புலம்பலும் அப்படித்தானே? மகனை மாதா மடியில் கிடத்தும்வரை நிறுத்த மாட்டோம்.

நோரா அம்மாவின் தாத்தா பாஸ்டனில் வேலை கேட்டுப் போன இடங்களில் 'ஐரிஷ்காரர் வேண்டாம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம். குடிகார ஜனம் என்றார்களாம். நீ சொன்னதும் அதைத்தான். ஊரில் நம் தெருக்காரர்களைப் பாடகர் வரிசையில் நிற்கவிடாத கோயிலில்தான் உனக்கு ஞானஸ்நானம் நடந்தது.

உன் அக்கா ஆன்லின் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன்.

ஞானமணி

டப்ளின், கலிபோர்னியா
26.4.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

அது சும்மா ஒரு ஜோக்ப்பா. டைம் ஓவர், ஹாலைக் காலி பண்ணணும். அதுக்காக ஃப்ளைட் ஏறிப் போயிடுவீங்களா? ஸாரி கார்டும் பூவும் அனுப்பினேன். பூ இன்னும் அவங்க வாசல்லயே கிடக்கு. ஞாயிறு பூசைக்கும் அவங்க வரல.

நேத்து கார்ல அபிகாயில் அந்த 'ஓஹோனை' இழுத்துப் பாடினா. "தாத்தா சாங்"ன்னா. எனக்குச் சிரிப்பு வரல.

நம்ம தெரு விஷயம் நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே. இப்ப நான் என்ன பண்ணணும்?

ஆட்ரியன்

ரிச்சர்ட்சன்
3.5.2001

அன்புள்ள மகனுக்கு,

சொல்லாதது என் குற்றம். வெட்கப்பட்டேன். அதைக் காட்டி உன் குற்றத்தைக் கழித்துக்கொள்ளாதே.

நோரா அம்மாவோடு போனில் பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மாதாவைச் சிலுவையடியிலேயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

சிரித்த நாற்பது பேரையும் கூப்பிட வேண்டியவன் நீ. பூ வேண்டாம், அவர் வாசலில் போய் நின்று, வந்து பாடும்படி கேட்க வேண்டியவனும் நீ. மைக் அணைந்தே இருக்கட்டும். விட்ட அடியிலிருந்து பாட வேண்டியவர் அவர். 'ஓஹோன்' இழுக்க வேண்டியவர்கள் நீங்கள் எல்லாரும், அபிகாயில் தொடங்கட்டும். அவர் வர மறுத்தால், அவர் சமையலறையில் உட்கார்ந்து நீ ஒருவனே இழு.

அங்கே திரும்பிவர டிக்கெட் எடுக்க வேண்டியவன் நான். அது முடிந்த மறுநாள்.

உன் அப்பா