கிழக்கு பார்த்த படகு

செவ்வாய், இரவு பன்னிரண்டரை

மன்னித்துக்கொள், நாட்குறிப்பே. பாப்பா தூங்குவதற்கு இவ்வளவு நேரமாகிவிட்டது.

இன்று காக்த்வீப் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் வந்தோம். வங்கி வேலையை விட்டுவிட்டு மீன்பிடித் தொழிலில் இறங்கப்போகும் என் கணவர், அங்கே ஒரு பழைய விசைப்படகைப் பார்த்தார். கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் ஃபிளாட் பார்த்த அதே கண்ணால்தான் பார்த்தார். புதுப் பச்சை பெயின்ட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, படகுக்காரரை வங்காள முறைப்படி அண்ணா என்று கூப்பிட்டுக் கேட்டார்: "தாதா, இது கிழக்கு பாத்து நிக்குமா?"

"தண்ணி திருப்பற பக்கம் நிக்கும்" என்று வங்காளத்தில் சொன்ன படகுக்காரர், சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. என் தாலிச் சங்கிலியில் தொங்கும் ஊக்கைக் கழற்றி அடிப்பலகையில் குத்தினேன். இட்லியில் இறங்குவது போல முழுசாக இறங்கியது. பெயின்ட்டுக்குப் பின்னால் இருந்தது மரமில்லை, ஊறிய சக்கை.

"என்னங்க, இங்க பாருங்க."

"ஊக்கை வச்சுப் படகு டெஸ்ட் பண்ற ஒரே ஆள் நீதான்டி. பழசுன்னா அப்படித்தான் இருக்கும். பட்டி வச்சு அடைச்சுக்கலாம்."

ஹூக்ளி ஆற்றைக் கடக்கும் ஃபெர்ரியிலேயே கம்பியை விடாதவர், நீச்சல் தெரியாதவர், இதில் ஏறிக் கடலுக்குப் போவாராம். காலையில் படகுக்காரருக்குப் போன் செய்து சம்மதம் சொல்லப்போகிறார். இப்போது குறட்டை விடுகிறார், கிழக்கே தலைவைத்து.

ஊக்கில் இன்னும் அந்த அழுகல் வாடை போகவில்லை. அதை இந்தப் பக்கத்திலேயே குத்தி, நாட்குறிப்பை உங்கள் ஷேவிங் கண்ணாடிக்கு முன்னால் திறந்து வைக்கிறேன். ஆமாம், உங்களுக்குத்தான். படகுக்காரருக்குப் போன் போடுவதற்கு முன் எனக்குப் பதில் சொல்லுங்கள்.