வராத காருக்கு வந்த அபராதம்

அப்பா,

சாய்ரோ சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடியுங்கள். கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். இணைய வயரைப் பிடுங்கிவிட்டேன்.

போக்குவரத்து அபராதம் என்று மின்னஞ்சல் வந்தால் உடனே திறப்பதா? நம்மிடம் கார் ஏது? கேட்டால், "ஜனவரிச் சந்தையில வாங்குன பொம்மைக் காரை எக்கேக்கோ சாமி கழுத்துல கட்டினேன்ல, பொம்மையா கட்டுனது நிஜமா வரும்ல, கார் வரப்போகுது, அபராதம் முந்திக்கிச்சு" என்கிறீர்கள்!

"வைரஸ் தடுப்புதான் போட்டிருக்கியேம்மா" என்று வேறு. அதற்குப் பழைய திருடர்களின் முகம்தான் தெரியும். புதுத் திருடனை நீங்களே கதவைத் திறந்து கூட்டிவந்தால் அது என்ன செய்யும்?

இப்போது அந்த வைரஸ் அதே அபராத மின்னஞ்சலை என் பெயரில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது. இன்று என்னை நேர்காணல் செய்யும் பொறியாளர் சல்லெஸுக்கும்! அதுவும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைக்கு. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி போய் அசடு வழியப்போகிறாள்.

வில்மா

பி.கு: நேற்று கத்தியது அதிகம்தான். காலமெல்லாம் அடுத்தவன் மினிபஸ் கதவில் தொங்கியவருக்குக் கார் ஆசை வராதா என்ன.

இன்னொன்று: இன்று வெள்ளிக்கிழமை. எக்கேக்கோ சாமி வாயில் மறக்காமல் படையல் சிகரெட்டைப் பற்றவைத்து, என் வேலையையும் சொல்லுங்கள். நான் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.