ரோடு வந்தால் போதுமா

ஆரணி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் குணாவுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், படுக்கிறேன், தறியில் உட்காருகிறேன், அவ்வளவுதான். மதுரையில் வெயில் எப்படி? சின்னக்கண்ணு மாமா வீட்டில் உன்னை முகம் சுளிக்காமல் வைத்திருக்கிறார்களா? தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டபோது அங்கே யாரிடமும் வாய் கொடுக்காமல் இருந்தாய்தானே? ஊருக்குள் வரக்கூடாது, அங்கேயே இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் கோர்ட்டில் ஜாமீன் கொடுத்தார்கள். அது கெட்டுப்போயிருந்தால் மறுபடியும் ஜெயில்தான்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் பழைய போன் தண்ணீரில் விழுந்ததும் தமிழ்வாணன் புதுசு ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். அவன் எம்.எல்.ஏ. தங்கவேலு கூடவே சுற்றுகிற ஆள். "வெச்சிக்க அக்கா, தம்பிகிட்ட பேசிகினு இரு" என்றான். கேட்காமலே கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? அதெல்லாம் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது, உனக்குப் பைத்தியம் என்று பக்கத்து வீட்டுப் பரிமளா சொல்கிறாள். இருக்கட்டும். போனை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் தெருமுனைப் பெட்டியில் போடப் போவதில்லை. பெரிய தபாலாபீசுக்கு நானே நடந்து போய்ப் போடுவேன்.

உன் அப்பாவுக்குக் காரியம் முடிந்த பிறகு எம்.எல்.ஏ. நம் வீட்டுக்கு வந்தார். அப்போது நீ ஜெயிலில் இருந்தாய். வந்ததைச் சொன்னேன், நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. நாற்காலி போட்டோம், வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். தெருவே நெகிழ்ந்து போயிற்று. டீ கொடுத்தேன், தொடவில்லை. அப்பா படத்தைப் பார்த்தார், தறியைப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு நீ எங்க இருந்த தங்கச்சி?" என்று கேட்டார். "பாவு புடிச்சிகினு இருந்தங்க. அந்த முனையில அவரு, இந்த முனையில நானு" என்றேன். "நிமிந்து பாத்தியா?" என்றார்.

துக்கம் கேட்க வந்தவருக்கு இந்தக் கேள்வி எதற்கு குணா?

நான் பார்த்ததை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்த பட்டு நூல் பாவு என் கையில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. பிறகு தொய்ந்துபோயிற்று. நிமிர்ந்தபோது அப்பாவை அடித்த ஜல்லி லாரி என்னைத் தாண்டிப் போனது. ஓட்டினவன் சதீஷ், எம்.எல்.ஏ.வின் மச்சான் மகன். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது, முகம் பளிச்சென்று தெரிந்தது. அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் போய், நான்தான் ஓட்டினேன் என்று கைகட்டி நின்றது தலை நரைத்த வேறு ஒரு டிரைவர். அதைக் கேட்டுத்தான் நீ லாரி ஷெட்டுக்கு ஓடிக் கண்ணாடியை உடைத்து ஜெயிலுக்குப் போனாய்.

எம்.எல்.ஏ.விடம், "கண்ணு இருட்டிகினு வந்துச்சிங்க, ஒன்னும் தெரியல" என்று சொன்னேன். அதன் பிறகுதான் அவர் டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது, ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

அடுத்ததாகச் சட்டசபையில் பேசினார். பரிமளா போனில் வந்தது. தெருவில் பாதிப் பேர் நம் வாசலில் நின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் நிற்பதைச் சொன்னார். நெசவாளிக்கு மழை நிவாரணம் கேட்டார். ஊருக்குள் வண்டிகள் வராமல் இருக்க பைபாஸ் வேண்டும், எத்தனை முறை கேட்பது என்று மேஜையைத் தட்டினார். அப்போது உன் அப்பா பெயர் வந்தது. "தருமன் என்ற ஏழை நெசவாளி சாலை நெரிசலில் உயிரிழந்தார்" என்றார். சபையில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெரிசல் ஏது? விடிந்தும் விடியாத வேளை, தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை. லாரி என்ற வார்த்தை இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். "இன்னாடி, சினிமா பாட்டா திரும்பத் திரும்பப் போட?" என்று பரிமளா சலித்துக்கொண்டாள். எத்தனை முறை போட்டாலும் லாரி வரவில்லை. உன் அப்பாவை ரோடே எழுந்து வந்து அடித்துப்போட்ட மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

பைபாஸ் போகிற வழியில் அவர் மச்சான் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று ஜனங்கள் பேசுகிறார்கள். நிஜமோ பொய்யோ, நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுதமாட்டேன். ஆனால் ரோடு வேண்டும் என்பது நியாயம்தானே. அங்கேதான் எனக்குக் குழப்பம். இப்போது லாரிகள் நம் தெருவில் வருவதில்லை, கீழத்தெரு வழியாகப் போகின்றன. அங்கேயும் பாவு நீட்டுகிறார்கள்.

ஹேமநாத் முதலாளி புதுப் பாவு கொடுத்திருக்கிறார். மாம்பழக் கலர், கரை பச்சை. தனியாக நெய்வதால் மெதுவாகத்தான் போகிறது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று நொண்டுகிறது.

போன வாரம் தமிழ்வாணன் வந்தான். நெடுஞ்சாலை மந்திரியைப் பார்க்க எம்.எல்.ஏ. அண்ணன் சென்னைக்குப் போகிறார், நீயும் வா அக்கா என்றான். "நல்ல பொடவ வாணாம், பழசா ஒன்னு கட்டிகினு வா" என்றும் சொன்னான். பரிமளா விடுவாளா, "அப்ப என்னையும் இட்டுகினு போ தம்பி, எங்கிட்ட இருக்கறது எல்லாமே பழசுதான்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவள் உள்ளே போகும் வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னான்: "மந்திரி முன்னால ரோடு மட்டும் பேசு. லாரி கீரின்னு இழுக்காத. தம்பிக்கு அண்ணனே வக்கீல் வெச்சிருக்காரு. மதுரை கையெழுத்து ஜல்தி ரத்தாயிடும்." இலவசமாக வருகிற வக்கீல் யாருக்கு வக்கீல் என்று கேட்க வாய் வந்தது. நீ அந்த ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது கண்ணில் தெரிந்தது. சரி தம்பி என்றேன்.

மந்திரி அறையில் ஏசி, பல் கிட்டிப்போகிற குளிர். மந்திரி மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். நம் எம்.எல்.ஏ. பேச ஆரம்பித்தார். பணம் ஒதுக்கவில்லை, நிலம் எடுக்கணும் என்று மந்திரி என்ன சாக்கு சொன்னாலும் விடவில்லை. "ஜனங்க மூஞ்சில நான் எப்படிண்ணே முழிக்கறது?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை குணா. வேஷம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனுக்கு நிஜமாகவே ரோடு வேண்டும். எதற்கு வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் மந்திரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா, ரோடு வந்தா போதுமா?" என்றார்.

எம்.எல்.ஏ. மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. என் நாக்கு நுனியில் சதீஷ் பெயர் இருந்தது, உன் பெயரும் இருந்தது. "போதுங்க" என்றேன்.

போட்டோ எடுத்தார்கள். பேப்பரில் வந்திருக்கிறது, உன் கண்ணில் பட்டிருக்கும். மனுவை நான் கொடுக்கிற மாதிரி, மந்திரி வாங்குகிற மாதிரி. வேறு யாராவது உன்னிடம் ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். திரும்பி வரும்போது வழியில் எம்.எல்.ஏ. சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "நீ புத்திசாலி தங்கச்சி" என்றார். ரோடு வேண்டும் என்று சொல்வதில் என்ன புத்தி இருக்கிறது? நான் எதையோ விழுங்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றும் பார்க்கவில்லை என்று நான் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை உன் கையெழுத்து ரத்தாகிவிட்டது. வக்கீல் ஆர்டரைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னதை மட்டும் நம்பாமல் கோர்ட்டுக்கே போய் விசாரித்தேன், நிஜம்தான். நீ வரலாம். உன்னை அழைத்து வர மதுரைக்குக் கார் அனுப்புவதாகத் தமிழ்வாணன் சொல்கிறான். ஏறாதே கண்ணு. மாலை போட வந்தால் கழுத்தை நீட்டாதே, சண்டையும் போடாதே. கும்பிட்டுவிட்டு பஸ் ஏறு. மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. வந்த பிறகு சதீஷ் எதிரில் வந்தாலும் அவனை ஒரு விரல் தொடமாட்டாய் என்று எனக்கு எழுது.

கோர்ட்டுக்குப் போன அன்று ஜெயப்ரியா என்ற வக்கீலைப் பார்த்தேன். சின்னப் பெண், யார் அனுப்பியும் வந்தவள் இல்லை, நானாகத் தேடிப்போய்ப் பேசினேன். அன்று அங்கே இருந்தவள் என்பதால் லாரி கேசில் சாட்சி சொல்ல எனக்கு அடுத்த மாதம் சம்மன் வருமாம். கூண்டில் ஏற்றி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்குவார்களாம். மந்திரி அறையில் என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

அதற்கு முன் நீ வீடு வந்து சேர வேண்டும். நீ வாசல் மிதிக்கும் வரைக்கும் படவேட்டு அம்மன் என் வாயைக் கட்டி வைக்கட்டும். அதன் பிறகு அவளே அவிழ்க்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
த. சின்னபொண்ணு