ஆண்டுக்கு ஒரு கப்பல்

சன்னிவேல்
மார்ச் 9

யாமினி,

போனை எடுக்க மாட்டாய். இமெயிலில் நான் மேனேஜர் மாதிரி எழுதுகிறேனாம், காகிதத்தில் எழுது என்றாய். எழுதுகிறேன். போஸ்ட் ஆபீஸில் இருந்த பெண் முகவரியை மூன்று முறை படித்தாள். நிஜமாகவே இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மேப்பில் பார்த்தேன். பாஃபின் தீவு. தமிழ்நாட்டைப் போல நாலு மடங்கு. ஆட்கள் பதிமூன்றாயிரம் சொச்சம். சனிக்கிழமை இங்கே எல் கமினோ ரோட்டில் தோசைக்கு நிற்கிற கூட்டமே அதைவிட அதிகம். மரம் இல்லை. ஊருக்கு ஊர் ரோடு இல்லை. உறைந்து கிடக்கிற மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கவா ஐந்து வருஷம் பிஎச்டி பண்ணினாய்?

ஒரு வேலை இருக்கிறது. எங்கள் வாய்ஸ் ஆப்பில் அந்த ஊர் மொழியைச் சேர்க்கிறார்கள். இனுக்டிடுட். இருநூறு வாக்கியம் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம், இத்துடன் இருக்கிறது. யாரையாவது வாசிக்க வைத்து ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. சும்மாதானே இருப்பார்கள்.

கதிர்

*

பாஃபின் தீவு
ஏப்ரல் 6

கதிருக்கு,

இங்கே யாரும் சும்மா இல்லை. பக்கத்து வீட்டு லேயா பகலில் பள்ளியில் சமைக்கிறாள், மாலையில் சீல் தோல் தைக்கிறாள். கெஞ்சித்தான் உட்கார வைத்தேன்.

முதல் வாக்கியம்: "அடுத்த எக்ஸிட்டில் ஃப்ரீவேயை விட்டு இறங்கு." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன் புருஷன் எங்கே இறங்கணும்?" என்றாள். இரண்டாவது: "புல் வெட்ட ஆள் வேண்டும்." அவள் ஜன்னல் வழியே பாறையைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். பிறகு மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். இருநூற்றையும் முடித்துக் கொடுத்தாள், இரக்கப்பட்டு. ஃபைல்களை அனுப்பிவிட்டேன்.

இந்த மொழியில் ஒரு முழு வாக்கியம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. எழுத்தைத் திருப்பிப் போட்டால் அதிலுள்ள உயிரொலி மாறுகிறது. நம்மைப் போலக் கொம்பும் காலும் வேண்டாம். ஆமாம் என்றால் புருவத்தை உயர்த்துகிறார்கள். இல்லை என்றால் மூக்கைச் சுருக்குகிறார்கள். உன் ஆப்புக்கு இதெல்லாம் எதற்கு? அதற்குப் புல் வெட்ட வேண்டும்.

இனி வருவதைக் கவனமாகப் படி. செப்டம்பரில், கடலில் பனி விலகும்போது, ஒரு கப்பல் வரும். ஆண்டுக்கு ஒன்றுதான். அடுத்த செப்டம்பர் வரைக்குமான அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் அதில். ஜூன் 15-க்குள் ஆர்டர் போட வேண்டும்.

ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு செப்டம்பரில் வருகிறேன் என்று ஏர்போர்ட்டில் சொன்னாய். நான் கேட்காமலே சொன்னாய். ஒருத்திக்கு ஆர்டர் போடவா, இரண்டு பேருக்கா? ஒரு வரி போதும். இது அரிசியைப் பற்றிய கேள்வி இல்லை என்று உனக்குத் தெரியும்.

யாமினி

*

சன்னிவேல்
மே 2

யாமினி,

ஆடியோ கேட்டோம். பாதி குப்பை. எல்லா ஃபைலிலும் பின்னால் யாரோ ஒரு பொம்பளை சிரிக்கிறாள், முட்டை போட்ட கோழி மாதிரி. டீமில் ரோஹன், "ப்ரோ, யாரு ப்ரோ இந்த லேடி? செம இரிடேட்டிங்" என்றான். அந்தச் சத்தத்தை மட்டும் கட் பண்ணச் சொன்னேன், சரிவரவில்லை. திரும்ப எடு. அவளை வெளியே அனுப்பிவிட்டு எடு.

ஞாயிற்றுக்கிழமை ஷ்யாமளா ஆன்ட்டி வீட்டில் பாட்லக் விருந்து. "யாமினி இக்ளூலயா இருக்கா? ஐயோ பாவம், குளிக்கவாவது முடியுதா?" என்று கேட்டார். "அவளுக்கென்ன ஆன்ட்டி, பெங்குவின் எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்று சொல்கிறேன், உன்னால்தான் எங்கே போனாலும் எனக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

கப்பல், சோப்பு என்று ஏதோ எழுதியிருந்தாய். ஆப்பை லாஞ்ச் பண்ணுகிற நேரம், முழுக்கப் படிக்கவில்லை. வேண்டியதை வாங்கிக்கொள்.

கதிர்

*

சன்னிவேல்
ஜூலை 3

யாமினி,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆனால் உன் ஆர்டர் லிஸ்ட் நம் பொது இமெயிலுக்கு வந்தது. கடையில் கேட்டபோது பழைய முகவரியையே கொடுத்திருக்கிறாய். இவ்வளவு படித்தும் ஒளிக்கத் தெரியவில்லை.

பொன்னி அரிசி எண்பது கிலோ. யானை வளர்க்கிறாயா? காபிப் பொடி இருபது பாக்கெட். நீ டீ குடிக்கிறவள். எலுமிச்சை வாசனை ஷேவிங் க்ரீம், ஒரு டஜன். பனியில் போடுகிற பூட்ஸ், ஆண்களுக்கானது, பத்தாம் நம்பர்.

யார் அவன்?

சீல் தின்கிற ஊரில் எலுமிச்சை வாசனை கேட்கிறானா? உன் கையால் காபி வேறு குடிக்கிறானா? நாகரிகமான ஆள்தான் போல. என் மூளையைத் தேய்த்து உனக்கு விசா வாங்கிக் கொடுத்தேன், வீடு பார்த்தேன். நீ போய்ப் பிடித்தது இதுதானா?

பெயரை மட்டும் எழுது. உச்சரிக்க முடிகிறதா பார்க்கிறேன்.

கதிர்

*

பாஃபின் தீவு
செப்டம்பர் 21

கதிருக்கு,

கப்பல் வந்தது. இங்கே துறைமுகம் இல்லை. அது தூரத்தில் நின்றுகொள்ளும், சரக்கை மிதவையில் ஏற்றிக் கரைக்குத் தள்ளி வருவார்கள். ஊரே கரையில் நின்றது. என் பெட்டியை லேயாவும் அவள் தம்பி ஜோனாவும் தூக்கி வந்தார்கள்.

பெங்குவின் தென் துருவத்தில். ஷ்யாமளா ஆன்ட்டியிடம் சொல்லிவிடு.

உன் மே மாதக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வரமாட்டேன் என்றும் அதில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு கடைசி நாளில் இரண்டு பேருக்கு ஆர்டர் போட்டேன். வேறு எந்த க்ரீம் போட்டாலும் உனக்குத் தாடை சிவந்துவிடும். காபி இல்லாமல் உனக்குப் பொழுது விடியாது. பத்தாம் நம்பர் உன் கால். குனிந்து பார்.

பூட்ஸ் ஜோனாவுக்குப் பொருந்திவிட்டது. காபிப் பொடியை லேயா பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரிசி இருக்கிறது.

உன் வாக்கியங்களை மறுபடி வாசிப்பாயா என்று லேயாவைக் கேட்டேன். மூக்கைச் சுருக்கினாள்.

அந்த ஃபைல்களில் சிரிக்கிறவளை வெளியே அனுப்பச் சொல்லியிருந்தாய். அறையில் இரண்டு பேர்தான் இருந்தோம். லேயா வாசித்துக்கொண்டிருந்தாள்.

யாமினி